22 கல்லூரிகள், ஒரே ஒரு இன்டர்வியூ

அக்கா மகள் முதல் முறை மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பித்தது 2020 கோடையில். மொத்தம் 22 கல்லூரிகள். வந்தது ஒரே ஒரு இன்டர்வியூ. அதிலும் வெயிட்லிஸ்டில் வைத்தார்கள். அடுத்த ஜூலை வரை தினமும் மெயிலைத் திறந்து திறந்து பார்த்தாள், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டாள்.

நான் இன்சூரன்ஸ் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவள். ஒரு கூட்டத்தைப் பற்றிய எண்ணை எடுத்துக்கொண்டு அதில் ஒரு ஆளைப் பற்றி என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்பதுதான் என் வேலையே. ஆனாலும் அந்த 22 கல்லூரிகள் கொண்ட பட்டியலை அவள் தயாரித்தபோது நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. டாக்டர் படிப்பு விஷயம், நமக்கென்ன தெரியும் என்று ஒதுங்கி இருந்துவிட்டேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அமெரிக்காவில் பிள்ளைகளை இந்தப் பாதையில் அனுப்பும் நம் வீடுகளில் இதே பட்டியல் திரும்பத் திரும்பப் போடப்படுவதைப் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் பட்டியல் எப்படி உருவானது என்று பிறகு உட்கார்ந்து கேட்டேன். மருத்துவக் கல்லூரிகள் கேட்கும் நுழைவுத் தேர்வான எம்கேட்டில் அவள் மதிப்பெண் 513. எம்கேட் 472-இல் தொடங்கி 528-இல் முடியும் தேர்வு. மருத்துவக் கல்லூரியில் சேருகிறவர்களின் தேசிய சராசரி 511, 512 என்ற அளவில்தான் இருக்கிறது. ஜிபிஏ, அதாவது இளங்கலைப் படிப்பில் 4.0-க்கு வாங்கும் மதிப்பெண், சராசரியாக 3.7-ஐத் தாண்டும். அவளுடையது அதை ஒட்டித்தான். ஆக, 'நாம் சராசரியில் இருக்கிறோம், பரவலாகப் போட்டால் எங்காவது விழும்' என்ற நினைப்பு. பிறகு ரேங்கிங் பட்டியலை எடுத்து மேலிருந்து கீழே வந்திருக்கிறாள். பாதிக்கு மேல் பெயர் பெற்ற கல்லூரிகள். அங்கெல்லாம் மீடியன், அதாவது வரிசையில் நடுவில் நிற்பவரின் எம்கேட், 518, 520. அப்புறம் "பேலன்ஸுக்கு" என்று மற்ற மாநிலங்களின் அரசுக் கல்லூரிகள் ஐந்து. அவற்றின் மீடியன் 510, 511.

"சித்தி, இந்த அஞ்சுலயும் என் ஸ்கோர் அவங்க மீடியனுக்கு மேல இருந்துச்சு. இது ஐந்தும்தான் எனக்கு சேஃப்னு நினைச்சேன்" என்றாள். அந்த ஐந்தில் ஒன்றுகூட அவளை இன்டர்வியூவுக்குக் கூப்பிடவில்லை.

சரி, அந்த ஐந்தில் என்ன நடந்தது? அதைப் பார்க்கத்தான் முதன்முதலாக எம்சார் தளத்துக்குச் சந்தா கட்டினேன். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கமான ஏஏஎம்சி நடத்தும் தரவுத்தளம் அது. ஒவ்வொரு கல்லூரிக்கும் மீடியன் மதிப்பெண்ணோடு, 10-ஆம் பெர்சென்டைல் (பத்து சதவீதம் பேர் அதற்குக் கீழே), 90-ஆம் பெர்சென்டைல் எல்லாம் கொடுத்திருப்பார்கள். எல்லோரும் பார்ப்பது அந்தப் பட்டை வரைபடத்தைத்தான். அதே பக்கத்தில் இன்னொரு அட்டவணையும் இருக்கிறது. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேரை இன்டர்வியூவுக்கு அழைத்தார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற கணக்கை, அந்த மாநிலத்தவர், வெளி மாநிலத்தவர், வெளிநாட்டவர் என்று மூன்றாகப் பிரித்துத் தந்திருப்பார்கள். என் அனுபவத்தில், பட்டியல் போட உட்காருகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

கணக்குப் புரிவதற்காக ஒரு கற்பனைக் கல்லூரியை வைத்துக்கொள்வோம். உள் மாநிலத்திலிருந்து 1,500 பேர் விண்ணப்பிக்கிறார்கள், 450 பேருக்கு இன்டர்வியூ. அது 30 சதவீதம். வெளி மாநிலத்திலிருந்து 4,500 பேர், 90 பேருக்கு இன்டர்வியூ. அது 2 சதவீதம். இரண்டையும் கூட்டினால் 6,000-க்கு 540, அதாவது 9 சதவீதம். இந்த 9 என்ற எண்ணை எடுத்துக்கொண்டு முடிவெடுக்கிறவர்கள் ஏராளம். ஆனால் அந்த 9 சதவீத வாய்ப்பு உள்ள ஆள் அந்த 6,000 பேரில் ஒருவர்கூட இல்லை. ஒன்று 30, இல்லையென்றால் 2. மீடியனும் அப்படித்தான். அந்த 511 பெரும்பாலும் உள் மாநிலப் பிள்ளைகளின் மதிப்பெண். அதோடு வெளி மாநிலப் பெண்ணின் 513-ஐ ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

அவளுடைய ஐந்து கல்லூரிகளும் ஏறக்குறைய இந்த அச்சில்தான் இருந்தன. ஒரு மாலை முழுக்க நாங்கள் இருவரும் லேப்டாப்பை நடுவில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தோம். மூன்றாவது கல்லூரிக்கு வந்தபோது அவள் கால்குலேட்டரில் கை வைப்பதை நிறுத்திவிட்டாள். "இந்த காலேஜுக்கு எஸ்ஸே எழுத எனக்கு ரெண்டு நாள் ஆச்சு சித்தி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அந்த 2 சதவீதத்திலும் உள்ளே ஒரு பிரிவு உண்டு. அந்த மாநிலத்தில் வளர்ந்தவர், அங்கே கல்லூரியில் படித்தவர், குடும்பம் அங்கே இருப்பவர் என்று ஏதாவது தொடர்புள்ளவர்கள் அதில் கணிசமாக இருப்பார்கள். ஒரு தொடர்பும் இல்லாத பிள்ளையின் நிலை அட்டவணை சொல்வதைவிட மோசம். சில கல்லூரிகளில் கதவே கிடையாது. வட கரோலினாவின் பிராடி, ஜார்ஜியாவின் மெர்சர் இரண்டும் தங்கள் மாநிலத்தவரை மட்டுமே எடுக்கின்றன. டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் வெளி மாநிலத்தவர் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மாநிலச் சட்டமே இருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகம் வாஷிங்டனோடு வயோமிங், அலாஸ்கா, மொன்டானா, ஐடஹோ ஆகிய ஐந்து மாநிலங்களுக்காக நடக்கிறது. மற்ற நான்கு மாநிலங்களில் சொந்தமாக எம்.டி. (இங்கே அதுதான் அடிப்படை டாக்டர் பட்டம்) கல்லூரி இல்லாத குறையைத் தீர்க்க உருவான ஏற்பாடு அது. இவையெல்லாம் நியாயமான ஏற்பாடுகள்தான். மாநிலத்தின் வரிப்பணத்தில் நடக்கும் கல்லூரி, அந்த மாநிலத்தில் தங்கி வைத்தியம் பார்க்கப்போகிற டாக்டரைத் தேடுகிறது.

எங்கள் அக்கா குடும்பம் கலிஃபோர்னியாவில் இருக்கிறது. அது இன்னொரு சிக்கல். அந்த மாநிலத்தில் விண்ணப்பிப்பவர்கள் அவ்வளவு அதிகம். இடம் கிடைத்துச் சேருகிறவர்களில் மாநிலத்துக்குள் சேருகிறவர்களைவிட வெளியே போகிறவர்களே அதிகம். ஆக, கலிஃபோர்னியாப் பிள்ளைக்கு 'நம் மாநிலம் நம்மைக் கைவிடாது' என்ற நம்பிக்கை இல்லை, வெளி மாநிலத்து அரசுக் கல்லூரியும் இல்லை. வெளி மாநிலத்தவரை நிறைய எடுக்கும் தனியார் கல்லூரிகளைத்தான் பொறுக்கி எடுக்க வேண்டும். அதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அட்டவணையில் வெளி மாநில வரியை மட்டும் தனியே எடுத்து வைத்தபோதுதான் தெரிந்தது.

நம்மவர்கள் பலர் வீட்டில் இன்னொரு வரி முக்கியம். தோழி ஒருத்தியின் மகன் எட்டு வயதில் இங்கே வந்தவன், பள்ளி, கல்லூரி எல்லாம் இங்கேதான். ஆனால் கிரீன் கார்டு வரவில்லை. மெடிக்கல் ஸ்கூல் கணக்கில் அவன் மூன்றாவது வரி, வெளிநாட்டவன். பல அரசுக் கல்லூரிகள் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களின் விண்ணப்பத்தை எடுத்துப் பார்ப்பதே இல்லை. எடுக்கும் கல்லூரிகளிலும் சில, பல வருடக் கட்டணத்தை முன்கூட்டியே வங்கியில் காட்டச் சொல்கின்றன. அவன் மதிப்பெண்ணுக்குப் பொருந்திய கல்லூரிகளில் பாதிக்கு மேல் அவனை ஏற்கவே ஏற்காது என்பது அவர்களுக்கு ஜூன் மாதம் விண்ணப்பம் நிரப்பும்போதுதான் தெரிந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளை வைத்திருக்கும் பெற்றோர் தயவுசெய்து இந்த வரியை இப்போதே பார்த்து வையுங்கள்.

மதிப்பெண்ணுக்கு வருகிறேன். இங்கே மூன்று நான்கு விஷயங்கள் எனக்கே புதிதாக இருந்தன.

முதலாவது, ஜிபிஏ. அவள் கல்லூரி தந்த சான்றில் 3.78 இருந்தது. எம்.டி. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸில் அது 3.71 ஆகிவிட்டது. ஆம்காஸ் தானாகவே ஒரு ஜிபிஏ கணக்கிடும். பள்ளியில் இருக்கும்போது கம்யூனிட்டி காலேஜில் எடுத்த பாடங்களும் அதில் சேரும். திரும்பப் படித்த பாடத்துக்கு இரண்டு மதிப்பெண்களும் சேரும். ஏ பிளஸுக்குக் கூடுதல் எதுவும் இல்லை, 4.0 மட்டுமே. உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்குக்கும் தனியாக ஒரு ஜிபிஏ உண்டு. பதினாறு வயதில் கோடை விடுமுறையில் சும்மா எடுத்த கணக்குப் பாடத்தின் 'சி' அங்கே வந்து உட்கார்ந்தது. கல்லூரிகளின் மீடியனோடு ஒப்பிட வேண்டியது இந்த ஆம்காஸ் எண்ணைத்தான். தவறான எண்ணை வைத்துக்கொண்டு சரியான அட்டவணையைப் பார்த்துப் பயனில்லை.

இரண்டாவது, எம்கேட் மதிப்பெண்ணுக்கே கூட்டல் கழித்தல் 2 என்று ஒரு இடைவெளியை ஏஏஎம்சி கொடுக்கிறது. 513 என்றால் 511-இலிருந்து 515 வரை என்று படிக்க வேண்டும். இதைப் பார்த்ததும் எனக்குக் கோபமே வந்தது. முதல் பட்டியலிலிருந்து அவள் நீக்கிய ஒரு கல்லூரியின் மீடியன் 515. "என்னைவிட ரெண்டு பாயின்ட் அதிகம்" என்று எடுத்துவிட்டாளாம். தேர்வு எழுதிய நாளில் கொஞ்சம் நன்றாகத் தூங்கியிருந்தால் மாறக்கூடிய எண்ணை வைத்து ஒரு கல்லூரியை விடலாமா?

மூன்றாவது, மீடியன் என்றாலே பாதிப் பேர் அதற்குக் கீழே இருப்பவர்கள். இது எல்லோருக்கும் தெரியும், பட்டியல் போடும்போது மட்டும் மறந்துவிடும். நான் அதிகம் பார்த்தது 10-ஆம் பெர்சென்டைலை. அதற்குக் கீழே நம் எண் இருந்தால், அந்தக் கடைசி பத்து சதவீதத்தில் நுழைய நம்மிடம் பெரிதாக வேறு ஏதோ இருக்க வேண்டும். அவள் முதல் பட்டியலில் இருந்த பெரிய கல்லூரிகள் எட்டில் 513 என்பது 10-ஆம் பெர்சென்டைலை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருந்தது. எட்டு.

நான்காவது கொஞ்சம் நுணுக்கம். 'இடம் கிடைத்தவர்கள்', 'சேர்ந்தவர்கள்' என்று இரண்டு கணக்குகள் உண்டு. ஒரு கல்லூரி, இருக்கும் இடத்தைவிட அதிகம் பேருக்கு இடம் தரும். அதில் மதிப்பெண் அதிகம் உள்ளவர்கள் வேறு கல்லூரிகளுக்கும் தேர்வாகி அங்கே போய்விடுவார்கள். ஆகவே சேர்ந்தவர்களின் மீடியன் பல இடங்களில் ஓரிரு புள்ளி இறங்கியிருக்கும். முதல் கணக்கை மட்டும் பார்த்துப் பயந்துவிடக் கூடாது. இடங்களின் எண்ணிக்கையிலும் இதுபோல ஒன்று இருக்கிறது. பிரவுன் பல்கலைக்கழகத்தில் பள்ளி முடித்ததுமே எட்டு வருடத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் மருத்துவ வகுப்பில் பெரும் பங்கை ஏற்கெனவே பிடித்திருப்பார்கள். மிச்ச இடத்துக்குத்தான் மற்ற ஆயிரக்கணக்கானவர்கள் போட்டி.

எண்ணின் வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் பார்ப்பது எப்போதும் முந்தைய வகுப்பின் கணக்கு. அவள் முதல் முறை விண்ணப்பித்த ஆண்டு கொரோனா ஆண்டு. 2020-இல் சேர்வதற்கு 53,030 பேர் விண்ணப்பித்திருந்தார்கள். 2021-இல் சேர்வதற்கு 62,443 பேர். ஒரே வருடத்தில் கிட்டத்தட்ட 18 சதவீதம் ஏற்றம், இடங்களோ ஏறக்குறைய அப்படியே. அவள் பார்த்த எந்த அட்டவணையிலும் அது இல்லை, இருக்கவும் முடியாது. இதுபோல 2018-இல் நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி எல்லோருக்கும் கல்விக் கட்டணம் இல்லை என்று அறிவித்தவுடன் விண்ணப்பங்கள் மளமளவென்று ஏறின. 2024 பிப்ரவரியில் நூறு கோடி டாலர் நன்கொடை வந்து ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் கல்லூரியும் கட்டணத்தை நீக்கியது. அப்படி ஒரு செய்தி வந்த கல்லூரியின் பழைய மீடியனை நம்பி உட்காரக் கூடாது.

ஏஏஎம்சி இலவசமாகவே வெளியிடும் இன்னொரு அட்டவணை உண்டு. ஒரு பக்கம் ஜிபிஏ, மறு பக்கம் எம்கேட், நடுவில் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும், அந்த அளவு மதிப்பெண் உள்ளவர்களில் எத்தனை சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு எம்.டி. கல்லூரியிலாவது இடம் கிடைத்தது என்று இருக்கும். ஜிபிஏ 3.79-க்கு மேல், எம்கேட் 517-க்கு மேல் உள்ள உச்சக் கட்டத்திலேயே ஐந்தில் நான்கு பேர் என்ற அளவில்தான் இருக்கிறது. அவ்வளவு எடுத்தும் எங்கேயும் இடம் கிடைக்காமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். நம்மூர்க்காரர்கள் பேச்சில் அடிக்கடி வரும் "சேஃப்டி ஸ்கூல்" என்ற சொல்லை அந்த அட்டவணையைப் பார்த்த நாளோடு எங்கள் வீட்டில் விட்டுவிட்டோம்.

இரண்டாவது முறை, 2022 மே மாதம், எக்செல்லில் பட்டியலைப் புதிதாகப் போட்டோம். வெளி மாநில வரியில் இன்டர்வியூ சதவீதம் முதல் பத்தி, 10-ஆம் பெர்சென்டைல் இரண்டாவது. இந்த இரண்டையும் வைத்துப் பார்த்ததில் நாற்பது சொச்சம் தேறியது. அதன்பின் எண்களை மூடி வைத்துவிட்டோம். ஒவ்வொரு கல்லூரியும் தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது, யாரைத் தேடுகிறது என்று படித்தோம். அவள் இரண்டு வருடமாக ஓர் இலவச கிளினிக்கில் வேலை செய்துகொண்டிருந்தாள். இன்சூரன்ஸ் இல்லாதவர்கள் வரும் இடம். ஆராய்ச்சி அனுபவம் ஒரே ஒரு கோடைதான். ஆராய்ச்சியைப் பெரிதாக நினைக்கும் கல்லூரியில் அவள் 513 ஒரு மாதிரி எடை போடப்படும். ரஷ், லயோலா போல ஊர்ச் சேவையைக் கேட்டு வாங்கும் கல்லூரிகளில் அதே 513-க்கு வேறு எடை. யூசி ரிவர்சைட் தன் சுற்றுவட்டாரமான இன்லேண்ட் எம்பயரோடு தொடர்புள்ளவர்களைத் தேடுகிறது. எங்களுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை, எடுத்துவிட்டோம். பத்தாயிரத்துக்கு மேல் விண்ணப்பம் குவியும் தனியார் கல்லூரிகளில் இரண்டை மட்டும், அவளுக்கு அங்கே போக நிஜமாகவே ஆசை இருந்ததால், வைத்தோம்.

கடைசியில் 18. டி.ஓ. என்ற இன்னொரு வகை டாக்டர் பட்டம் தரும் ஆஸ்டியோபதிக் கல்லூரிகள் தனியாக மூன்று. 2020-இலிருந்து எம்.டி., டி.ஓ. இரண்டுக்கும் ரெசிடென்சி (பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சி) அங்கீகாரம் ஒரே அமைப்பின் கீழ் வந்துவிட்டது. "டி.ஓ. வேண்டாம், நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்று அக்கா முதலில் தயங்கினாள். நாலு பேரா வந்து படிக்கப்போகிறார்கள் என்று நான் சத்தம் போட்ட பிறகு விட்டாள்.

எண்ணிக்கை குறைந்ததில் பணமும் மிச்சம், ஆனால் அதைவிடப் பெரிய மிச்சம் நேரம். முதல் முறை ஆம்காஸுக்கு மட்டும் ஆயிரம் டாலருக்கு மேல், ஒவ்வொரு கல்லூரியும் தனியாகக் கேட்கும் செகண்டரி விண்ணப்பங்களுக்கு இன்னொரு இரண்டாயிரம். ஜூலையில் அந்த செகண்டரிகள் ஒரே மூச்சில் வந்து விழுந்தன. ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு எஸ்ஸே. பல கல்லூரிகள் விண்ணப்பம் வந்த வரிசையில் இன்டர்வியூ கொடுத்துக்கொண்டே போகும், தாமதம் ஆக ஆக இடம் குறையும். வாய்ப்பே இல்லாத கல்லூரிகளுக்கு எழுதி எழுதிக் களைத்துப்போய், உண்மையில் வாய்ப்பு இருந்த இரண்டு கல்லூரிகளுக்கு அவள் செப்டம்பரில்தான் அனுப்பியிருந்தாள். இரண்டாவது முறை எல்லாமே ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் போய்விட்டன.

ஐந்து இன்டர்வியூ வந்தது. இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்தது. இதில் பட்டியலின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. கிளினிக்கில் இரண்டு வருடம் கூடியிருந்தது, கட்டுரையில் சொல்ல அவளிடம் மனிதர்கள் இருந்தார்கள், விண்ணப்பித்தவர்கள் எண்ணிக்கையும் 52,577 ஆக இறங்கியிருந்தது. ஆனால் மதிப்பெண் அதே 513, ஜிபிஏ அதே 3.71. ஐந்தில் நான்கு கல்லூரிகள் முதல் பட்டியலில் இல்லாதவை. அவள் சேர்ந்த கல்லூரியின் மீடியன் அவள் எண்ணைவிட அதிகம், ஓரிரு புள்ளிதான்.

போன மே மாதம் அவளோடு கிளினிக்கில் இருந்த ஒரு பையன் தன் பட்டியலை அனுப்பினான். 26 கல்லூரி. அவள் மூன்றாம் வருட மருத்துவமனைப் பயிற்சியில் (ரொட்டேஷன்) இருந்ததால் என்னிடம் பார்க்கச் சொன்னாள். வருமானம் குறைந்த வீடு. அவன் ஏஏஎம்சியின் கட்டண உதவித் திட்டத்துக்கு மனுப் போடவே இல்லை. அது கிடைத்தால் எம்சார் இலவசம், 20 கல்லூரி வரை ஆம்காஸ் கட்டணமும் கிடையாது. ஆனால் விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் முன்பே அது கையில் இருக்க வேண்டும். அன்றிரவே மனுவை நிரப்ப வைத்தேன். பிறகு பட்டியலில் ஏழு கல்லூரிகளுக்கு நேரே, வெளி மாநில வரியில் இருந்த இன்டர்வியூ எண்ணை மட்டும் எழுதி அனுப்பினேன். இரண்டு நாளில் 17 ஆக்கித் திருப்பி அனுப்பினான். அதில் மூன்று புதியவை, அவனே தேடியவை.